‘எழுதுகிறேன்’ என்பதற்கு ஆங்கிலத்தில் எது? நிகழ்காலத்தின் நான்கு வடிவங்கள், ஓர் ஒப்பீடு

‘எழுதுகிறேன்’ என்னும் ஒரே வினைமுற்றைத் தமிழில் மூன்று வேறுபட்ட இடங்களில் தயக்கமின்றிப் பயன்படுத்துகிறோம். ‘நாள்தோறும் நாட்குறிப்பு எழுதுகிறேன்’ என்கிறோம். ‘இப்போது ஒரு கடிதம் எழுதுகிறேன், பிறகு பேசலாம்’ என்கிறோம். ‘மூன்று மாதங்களாக ஒரு நாவல் எழுதுகிறேன்’ என்றும் சொல்கிறோம். இவற்றையே ஆங்கிலத்தில் சொல்ல முற்படுபவர் முதலாவதற்கு ‘ஐ ரைட்’, இரண்டாவதற்கு ‘ஐ ஆம் ரைட்டிங்’, மூன்றாவதற்கு ‘ஐ ஹேவ் பீன் ரைட்டிங்’ என்று வடிவத்தை மாற்றியாக வேண்டும். எழுதி முடித்த கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் ‘ஐ ஹேவ் ரிட்டன்’ என்னும் நான்காவது வடிவமும் வந்து சேர்கிறது.

பெரியவர்கள் எழுதும் ஆங்கிலக் கடிதங்களையும் விண்ணப்பங்களையும் திருத்திக்கொடுக்கும் வேலையில் நான் அடிக்கடி கேட்பது ஒரே கேள்விதான்: ‘நான்குக்கும் விதி தெரியும், ஆனால் எழுதும்போது எதைப் போடுவது?’ இந்தத் தடுமாற்றத்துக்குக் காரணம் இலக்கணம் தெரியாமை என்று நான் கருதவில்லை. தமிழ் வினையின் ஈற்றைப் பார்த்து அதற்கு நேரான ஆங்கில ஈற்றைத் தேடுவதுதான் காரணம். பல இடங்களில் அந்த வழி சரியாகவே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. சில குறிப்பிட்ட இடங்களில் தவறாமல் ஏமாற்றுகிறது. ஆகவே இந்த ஒப்பீட்டில் நான்கு வடிவங்களையும் எடைபோடும்போது, தமிழ் நமக்கு எங்கே கைகொடுக்கிறது, எங்கே வழிமாற்றுகிறது என்பதையும் சேர்த்தே பார்க்கிறேன்.

## எவற்றைக் கொண்டு தேர்வது

முதலில் பெயர்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ‘ரைட்’ என்பது சிம்பிள் பிரசன்ட் எனப்படும் சாதாரண நிகழ்காலம். ‘ஆம் ரைட்டிங்’ என்பது பிரசன்ட் கண்டினியூவஸ் எனப்படும் தொடர் நிகழ்காலம். ‘ஹேவ் ரிட்டன்’ என்பது பிரசன்ட் பெர்ஃபெக்ட் எனப்படும் நிறைவு நிகழ்காலம். ‘ஹேவ் பீன் ரைட்டிங்’ என்பது நிறைவுத் தொடர் நிகழ்காலம். உருவத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் ஆங்கில வினைச்சொல்லுக்கு நிகழ்காலம், இறந்தகாலம் என இரண்டு காலங்களே உண்டு. மற்றவையெல்லாம் ஒரு செயலை எந்தக் கோணத்திலிருந்து நோக்குகிறோம் என்பதைத் துணைவினைகளின் உதவியோடு காட்டும் ஏற்பாடுகள். எனவே இந்த நான்கையும் நான்கு காலங்களாக எண்ணாமல் நான்கு கோணங்களாக எண்ணுவது தேர்வை எளிதாக்கும்.

கோணத்தைத் தீர்மானிக்க நான்கு கேள்விகள் போதும். சொல்ல வருவது ஒரு செயலா, அல்லது அறிதல், உடைமை, விருப்பம் போன்ற ஒரு நிலையா? அது எப்போதும் உள்ளதா, இப்போதைக்கு மட்டும் நடப்பதா? அது கடந்தகாலத்தில் தொடங்கி இந்தக் கணம்வரை வந்து தொடுகிறதா? தொடுகிறது என்றால், நாம் காட்ட விரும்புவது அதன் விளைவையா, அது ஓடிக்கொண்டிருக்கும் ஓட்டத்தையா? முதல் கேள்வியை எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆனால் அதற்கான விடையே மற்ற மூன்றையும் கட்டுப்படுத்துகிறது.

‘நவ்’, ‘எவ்ரி டே’ போன்ற காலச்சொற்களை அளவுகோலாகக் கொள்ளும் பழக்கம் பலரிடம் உள்ளது. அதை நான் பரிந்துரைப்பதில்லை. ‘இப்போது புரிகிறது’ என்பதற்கு ஆங்கிலத்தில் ‘ஐ அண்டர்ஸ்டாண்ட் நவ்’ என்பதே சரி. ‘நவ்’ இருக்கிறதே என்று ‘ஐ ஆம் அண்டர்ஸ்டாண்டிங்’ என எழுதினால் பிழையாகிவிடும்.

## சாதாரண நிகழ்காலம்: மாறாதவற்றுக்கும் வழக்கத்துக்கும்

வழக்கமாக நடப்பது, எப்போதும் உண்மையாக இருப்பது, ஒரு நிலை ஆகிய மூன்றுக்கும் இதுவே உரிய வடிவம். ‘த சன் ரைசஸ் இன் த ஈஸ்ட்’ என்னும் வாக்கியம் நேற்றைக்கும் இன்றைக்கும் நாளைக்கும் பொருந்தும். இந்தக் கருத்து தமிழ் இலக்கணத்துக்கு அந்நியமானதன்று. மூன்று காலத்துக்கும் ஒத்து இயலும் பொருளை நிகழ்காலத்தால் சொல்ல வேண்டும் என்று நன்னூல் விதிக்கிறது. ‘மலை நிற்கின்றது’ என்பது அதற்குக் காட்டப்படும் எடுத்துக்காட்டு. ஆங்கிலத்தின் சாதாரண நிகழ்காலத்தில் பாதியை நாம் ஏற்கெனவே அறிந்திருக்கிறோம் என்றே இதைக் கொள்ளலாம்.

மறுபாதியில்தான் தமிழ் வழிமாற்றுகிறது. வழக்கத்தைச் சொல்லும்போது நாம் பெரும்பாலும் எதிர்கால ஈற்றையே கையாள்கிறோம்: ‘அவர் தினமும் ஆறு மணிக்கு எழுவார், சிறிது தூரம் நடப்பார், பிறகு செய்தித்தாள் படிப்பார்.’ இதை அப்படியே மாற்றி ‘ஹி வில் கெட் அப், ஹி வில் வாக், ஹி வில் ரீட்’ என்று எழுதினால், படிப்பவர் நாளைய நிகழ்ச்சிநிரல் ஒன்றைச் சொல்கிறார்கள் என்றே பெரும்பாலும் எடுத்துக்கொள்வார். ‘ஹி கெட்ஸ் அப் அட் சிக்ஸ்’ என்பதே இங்கே வேண்டியது. தமிழ் வாக்கியத்தில் ‘-வார்’, ‘-பார்’ என்று வரும் இடத்தில் ‘வழக்கமாக’ என்னும் சொல்லைச் செருகிப் பார்க்கலாம். பொருள் மாறாமல் நின்றால் ஆங்கிலத்தில் சாதாரண நிகழ்காலத்தை எழுதுங்கள்.

எதிர்பாராத சில இடங்களிலும் இவ்வடிவமே பொருந்தும். ‘த ட்ரெயின் லீவ்ஸ் அட் நைன்’ எனக் கால அட்டவணையைச் சொல்லும்போது, நிகழ்வு நாளைக்குரியதாக இருந்தாலும் வடிவம் சாதாரண நிகழ்காலமே. ‘வென்’, ‘இஃப்’, ‘அன்டில்’ ஆகியவற்றுக்குப் பின் எதிர்கால நிகழ்ச்சி வந்தாலும் அப்படித்தான்: ‘வென் ஹி கம்ஸ், ஐ வில் டெல் ஹிம்’ என்பது சரி, ‘வென் ஹி வில் கம்’ என்பது பிழை. கதைச்சுருக்கம், நாடகக் குறிப்பு, விளையாட்டு வர்ணனை ஆகியவற்றிலும் இதுவே வழங்குகிறது. ‘ஐ பிராமிஸ்’, ‘ஐ அபாலஜைஸ்’ போன்றவற்றில் சொல்வதே செயலாகிவிடுகிறது. அங்கே தொடர் வடிவத்தைப் போட்டால் வாக்குறுதியின் வலு குறைந்துவிடும்.

மறைமுகச் செலவு. பார்வைக்கு மிக எளிதான இந்த வடிவத்தில்தான் எழுத்துப் பிழைகள் மிகுதியாக நேர்கின்றன. தமிழில் எழுதுகிறேன், எழுதுகிறாய், எழுதுகிறாள் என ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் ஈறு உண்டு. ஆங்கிலத்தில் எஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று: படர்க்கை ஒருமையில் வரும் ‘எஸ்’. வேறெங்கும் ஈறு இல்லாததால் அந்த ஒன்றும் கைநழுவிப்போகிறது. கேள்வியிலும் எதிர்மறையிலும் ‘டூ’, ‘டஸ்’ என்னும் துணைவினை புதிதாக நுழைகிறது. அப்போது ‘எஸ்’ துணைவினைக்கு இடம்பெயர்ந்துவிடுவதால் ‘டஸ் ஷி ரைட்’ என்றே எழுத வேண்டும், ‘டஸ் ஷி ரைட்ஸ்’ என்று எழுதக்கூடாது.

## தொடர் நிகழ்காலம்: நடந்துகொண்டிருப்பதற்கும் தற்காலிகமானதற்கும்

‘-கொண்டிருக்கிறேன்’ என்பதற்கு நேரானது இது என்று நமக்குச் சொல்லிக்கொடுக்கப்படுகிறது. பெருமளவு உண்மைதான். ஆனால் தமிழில் ‘கொண்டிரு’ என்பதை விட்டுவிட்டாலும் குறையில்லை; ‘என்ன செய்கிறாய்?’ என்றாலே போதும். இன்றைய ஆங்கிலத்தில் அந்தச் சலுகை இல்லை. முன்பு இருந்தது. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தில், கையில் நூலோடு வரும் இளவரசனிடம் பொலோனியஸ் ‘வாட் டூ யூ ரீட், மை லார்ட்?’ என்று கேட்கிறார். இன்று அதே காட்சியில் ‘வாட் ஆர் யூ ரீடிங்?’ என்றுதான் கேட்க வேண்டும். ‘வாட் டூ யூ ரீட்?’ என்றால் ‘வழக்கமாக எவ்வகை நூல்களைப் படிப்பீர்கள்?’ என்னும் பொருள் வந்துவிடும். ஏறத்தாழ 400 ஆண்டுகளுக்கு முன் தமிழைப் போலவே சாதாரண வடிவத்தைக் கொண்டு சமாளித்த ஆங்கிலம், இப்போது இரண்டையும் கண்டிப்பாகப் பிரித்துவைக்கிறது.

இவ்வடிவத்தின் உண்மையான வலிமை ‘தற்காலிகம்’ என்னும் சாயலில் இருக்கிறது. ‘ஐ லிவ் வித் மை பேரண்ட்ஸ்’ என்பவர் நிலையாகப் பெற்றோருடன் வசிக்கிறார். ‘ஐ ஆம் லிவிங் வித் மை பேரண்ட்ஸ்’ என்பவர் இப்போதைக்கு அங்கே இருக்கிறார். விரைவில் இடம் மாறக்கூடும். அதேபோல் ‘ஹி இஸ் ரூட்’ என்பது அவருடைய குணத்தைப் பற்றிய தீர்ப்பு. ‘ஹி இஸ் பீயிங் ரூட்’ என்பது இந்த நேரத்து நடத்தையைப் பற்றிய குறிப்பு மட்டுமே. ஒருவரைப் பற்றி எழுதும் கடிதத்தில் இவ்வேறுபாடு சிறியதன்று. தெரியாமல் முதலாவதை எழுதினால் அவர்மீது நாம் எண்ணியிராத பழியைச் சுமத்திவிடுவோம்.

முன்கூட்டியே முடிவுசெய்த எதிர்கால ஏற்பாடுகளுக்கும் இது பொருந்தும்: ‘நாளை கிளம்புகிறேன்’ என்பதற்கு ‘ஐ ஆம் லீவிங் டுமாரோ’. இந்த இடத்தில் தமிழும் ஆங்கிலமும் ஒரே வழியில் நடக்கின்றன.

இனி, தமிழ் ஏமாற்றும் இடம். ‘அவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்’, ‘அவர் படுத்திருக்கிறார்’, ‘அவர் கண்ணாடி அணிந்திருக்கிறார்’ ஆகிய வாக்கியங்களில் ‘-இருக்கிறார்’ என்று வருவதைக் கண்டு நிறைவு நிகழ்காலத்துக்குப் போய்விடுகிறோம். உடல் இருக்கும் நிலையையும் உடையையும் குறிக்கும் இத்தகைய வினைகளுக்கு ஆங்கிலத்தில் தொடர் வடிவமே உரியது: ‘ஹி இஸ் சிட்டிங்’, ‘ஹி இஸ் லையிங் டவுன்’, ‘ஹி இஸ் வேரிங் கிளாசஸ்’.

மறைமுகச் செலவு. நிலையைக் குறிக்கும் வினைகளை இவ்வடிவம் ஏற்பதில்லை. ‘ஐ ஆம் நோயிங்’, ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’, ‘திஸ் புக் இஸ் பிலாங்கிங் டு மீ’ ஆகியவை பிழை. இதைக் கண்டுபிடிக்க விதிப்பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட நம் காதையே நம்பலாம். ‘எனக்கு இரண்டு அண்ணன்கள் இருந்துகொண்டிருக்கிறார்கள்’ என்று யாரும் சொல்வதில்லை. ‘இந்த நூல் எனக்குச் சொந்தமாகிக்கொண்டிருக்கிறது’ என்றும் சொல்வதில்லை. தமிழில் ‘கொண்டிரு’ ஒட்ட மறுக்கும் இடத்தில் ஆங்கிலத்தில் ‘இங்’ ஒட்டாது. ஆனால் இந்தச் சோதனை முழுமையானதன்று: ‘நம்பிக்கொண்டிருக்கிறேன்’ என்பதைத் தமிழ் ஏற்கும்; ‘ஐ ஆம் பிலீவிங்’ என்பதை ஆங்கிலம் வழக்கமாக ஏற்காது. சில வினைகள் பொருளுக்கேற்ப இரு பக்கமும் நிற்கும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ‘ஐ திங்க்’ என்பது என் கருத்து. ‘ஐ ஆம் திங்கிங்’ என்பது நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்பதைக் குறிக்கும். மெக்டொனால்ட்ஸ் நிறுவனம் 2003-இல் கொண்டுவந்த ‘ஐ’ம் லவின் இட்’ என்னும் விளம்பரத் தொடரைக் காட்டி ‘அது மட்டும் எப்படிச் சரி?’ என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கணத்து அனுபவத்தைச் சொல்லும் பேச்சுவழக்கு அது. விண்ணப்பத்துக்கோ தேர்வுத்தாளுக்கோ அதை முன்மாதிரியாகக் கொள்ள வேண்டாம்.

## நிறைவு நிகழ்காலம்: விளைவு இன்றும் நிற்கும்போது

நான்கிலும் மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான். பெயரில் ‘நிகழ்காலம்’ இருக்கிறது, செயலோ முடிந்துபோயிருக்கிறது. இது எப்படி நிகழ்காலம் என்று கேட்பது நியாயமே. ‘ஐ ஹேவ் லாஸ்ட் மை கீ’ என்பவர் சாவி தொலைந்த கதையைச் சொல்லவில்லை. இப்போது கதவுக்கு முன் சாவியின்றி நிற்பதைச் சொல்கிறார். ‘ஐ லாஸ்ட் மை கீ’ என்றால் தொலைத்தது மட்டுமே தெரியும். பிறகு கிடைத்திருக்கவும் கூடும்.

எனவே இதைத் தேர்வதற்கு ஒரே நிபந்தனை, வாக்கியத்தின் கண் இன்றைய நாளில் இருக்க வேண்டும் என்பதே. அனுபவத்தைச் சொல்லும்போதும், இன்னும் முடியாத ஒரு காலப்பகுதிக்குள் நடந்ததைச் சொல்லும்போதும், ‘ஜஸ்ட்’, ‘ஆல்ரெடி’, ‘யெட்’ போன்ற சொற்கள் வரும்போதும் இந்த நிபந்தனை நிறைவேறுகிறது. தமிழில் ‘-விட்டது’ என்று முடியும் பல வாக்கியங்கள் இங்கே வந்து சேரும்: ‘கடிதம் வந்துவிட்டது’ என்பதற்கு ‘த லெட்டர் ஹாஸ் கம்.’

தமிழின் ‘-இருக்கிறேன்’ இதற்கு நேரானது என்று நம்புவதால் வரும் பிழை ஒன்று உண்டு. நன்கு ஆங்கிலம் எழுதுபவர்களிடமும் அதைக் காண்கிறேன். ‘நேற்றே அனுப்பியிருக்கிறேன்’ என்பது குறையற்ற தமிழ். ‘ஐ ஹேவ் சென்ட் இட் யெஸ்டர்டே’ என்பது குறையுள்ள ஆங்கிலம். முடிந்துபோன ஒரு நேரத்தைக் குறிப்பிட்ட உடனேயே வாக்கியத்தின் கண் அந்த நேற்றைக்குப் போய்விடுகிறது. ஆகவே ‘ஐ சென்ட் இட் யெஸ்டர்டே’ என இறந்தகாலத்துக்கு மாற வேண்டும். நேரத்தை நீக்கிவிட்டால் ‘ஐ ஹேவ் சென்ட் இட்’ என்பது மறுபடியும் சரியாகிவிடும். இதே காரணத்தால், ‘ஐன்ஸ்டைன் பல கட்டுரைகள் எழுதியிருக்கிறார்’ என்று தமிழில் இயல்பாகச் சொல்லலாம். ஆங்கிலத்திலோ 1955-இல் மறைந்துவிட்ட ஒருவரைப் பற்றி ‘ஐன்ஸ்டைன் ரோட் மெனி பேப்பர்ஸ்’ என்றே எழுதுவது முறை. ‘ஹாஸ் ரிட்டன்’ என்றால் அவர் இன்னும் எழுதக்கூடும் என்னும் சாயல் வந்துவிடுகிறது.

மறைமுகச் செலவு. மூன்றாம் வினைவடிவத்தைத் தனியே கற்க வேண்டும்; ‘ரோட்’, ‘ரிட்டன்’ என்பவை போல ஒழுங்கற்றவை நிறைய. ‘ஹாஸ் கான்’ என்றால் போனவர் இன்னும் திரும்பவில்லை. ‘ஹாஸ் பீன்’ என்றால் போய்த் திரும்பிவிட்டார். மேலும் பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ‘ஹாஸ் ஹி கால்ட் யெட்?’ என்று கேட்கும் இடத்தில் அமெரிக்கர்கள் ‘டிட் ஹி கால் யெட்?’ என்றும் கேட்பார்கள். இரண்டையும் பிழையென்று திருத்த வேண்டியதில்லை. ஒரே கட்டுரைக்குள் கலக்காமல் இருந்தால் போதும்.

## நிறைவுத் தொடர் நிகழ்காலம்: ஓட்டமும் கால அளவும்

தேவை எழும் இடங்கள் குறைவு. ஆனால் எழுந்தால் வேறெதுவும் அதன் இடத்தை நிரப்பாது. ‘ஐந்து ஆண்டுகளாக இங்கே வேலை செய்கிறேன்’ என்னும் தமிழ் வாக்கியத்தில் வினை வெறும் நிகழ்காலம்தான். கால அளவை ‘-ஆக’ சுமக்கிறது. அதனால் ‘ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்’ என்று எழுதத் தோன்றுகிறது. ஆங்கிலத்தில் அந்தக் கால அளவை வினையே சுமக்க வேண்டும்: ‘ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்.’

‘சின்ஸ்’, ‘ஃபார்’ இரண்டையும் மாற்றிப் போடும் பிழைக்குத் தமிழிலேயே மருந்து இருக்கிறது. ‘ஐந்து ஆண்டுகளாக’ என ‘-ஆக’ வரும் இடத்தில் ‘ஃபார்’; ‘2019 முதல்’, ‘திங்கட்கிழமையிலிருந்து’ எனத் தொடக்கப்புள்ளி வரும் இடத்தில் ‘சின்ஸ்’.

எண்ணிக்கை வந்தால் இவ்வடிவம் விலகிக்கொள்ளும். காலையிலிருந்து எழுதிக்கொண்டிருப்பவர் ‘ஐ ஹேவ் பீன் ரைட்டிங் சின்ஸ் மார்னிங்’ என்பார். எத்தனை கடிதம் என்று கேட்டால் ‘ஐ ஹேவ் ரிட்டன் த்ரீ லெட்டர்ஸ்’ என்று நிறைவு வடிவத்துக்கு மாறுவார். மறைமுகச் செலவு என்று சொல்வதானால், நிலை வினைகளை இதுவும் ஏற்காது: ‘பத்து ஆண்டுகளாக அவரைத் தெரியும்’ என்பதற்கு ‘ஐ ஹேவ் நோன் ஹிம் ஃபார் டென் இயர்ஸ்’ என்பதே வடிவம்.

## ஒரே பார்வையில்

| தமிழில் நினைப்பது | ஆங்கிலத்தில் எழுத வேண்டியது | தேர்வைத் தீர்மானிப்பது |
|---|---|---|
| தினமும் ஆறு மணிக்கு எழுவார் | ஹி கெட்ஸ் அப் அட் சிக்ஸ் | வழக்கம் |
| என்ன படிக்கிறாய்? (கையில் நூலோடு இருப்பவரிடம்) | வாட் ஆர் யூ ரீடிங்? | இந்தக் கணத்துச் செயல் |
| படுத்திருக்கிறார் | ஹி இஸ் லையிங் டவுன் | உடல் இப்போது இருக்கும் நிலை |
| கடிதம் வந்துவிட்டது | த லெட்டர் ஹாஸ் கம் | இன்று நிற்கும் விளைவு |
| நேற்றே அனுப்பியிருக்கிறேன் | ஐ சென்ட் இட் யெஸ்டர்டே | முடிந்த நேரம், இறந்தகாலம் |
| ஐந்து ஆண்டுகளாக வேலை செய்கிறேன் | ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஃபார் ஃபைவ் இயர்ஸ் | இன்றுவரை நீளும் செயல் |
| பத்து ஆண்டுகளாகத் தெரியும் | ஐ ஹேவ் நோன் ஹிம் ஃபார் டென் இயர்ஸ் | இன்றுவரை நீளும் நிலை |

## ஒரு விண்ணப்பத்தில் வைத்துப் பார்த்தால்

நூலக வேலைக்கு விண்ணப்பித்த ஒருவர் என்னிடம் கொண்டுவந்த கடிதம் இப்படித் தொடங்கியது: ‘ஐ ஆம் வொர்க்கிங் இன் எ லைப்ரரி சின்ஸ் ஃபோர் இயர்ஸ். ஐ ஆம் ஹேவிங் எ டிகிரி இன் ஹிஸ்டரி. ஐ ஹேவ் கம்ப்ளீட்டட் இட் இன் 2018.’ மூன்று வாக்கியங்களுக்கும் அடியில் நல்ல தமிழ் இருந்தது: நான்கு ஆண்டுகளாக வேலை செய்கிறேன், பட்டம் வைத்திருக்கிறேன், 2018-இல் முடித்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் தமிழ் ஈறு ஆங்கில வடிவத்தைத் தவறாகத் தேர்ந்துகொடுத்திருந்தது.

முதல் வாக்கியத்தில் கால அளவு இன்றுவரை நீள்வதால் நிறைவு வடிவம் தேவைப்பட்டது. ‘வொர்க்’, ‘லிவ்’, ‘டீச்’ போன்ற வினைகளோடு ‘ஃபார்’ வரும்போது ‘ஹேவ் வொர்க்ட்’, ‘ஹேவ் பீன் வொர்க்கிங்’ இரண்டும் ஏறத்தாழ ஒரே பொருளைத் தரும். விண்ணப்பத்தில் நான் முதலாவதையே விரும்புவேன். அதில் நிலைபெற்ற அனுபவத்தின் தொனி இருக்கிறது. நண்பருக்கு எழுதும் கடிதமாக இருந்தால் இரண்டாவது இயல்பாக இருக்கும். ‘சின்ஸ்’ போய் ‘ஃபார்’ வந்தது. இரண்டாவது வாக்கியம் உடைமையாதலால் ‘ஐ ஹேவ் எ டிகிரி’ என்று சுருங்கியது. மூன்றாவதில் ஆண்டு குறிப்பிடப்பட்டிருந்ததால் ‘ஐ கம்ப்ளீட்டட் இட் இன் 2018’ என இறந்தகாலத்துக்குப் போனது.

கடிதத்தின் கடைசி வரியில் அவருக்கு ஓர் ஐயம் இருந்தது: ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ’ என்று எழுதுவதா, ‘ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட்’ என்று எழுதுவதா? இரண்டும் பிழையற்றவை. தொடர் வடிவம் நெருக்கத்தைக் காட்டும். சாதாரண வடிவம் சற்று விலகி நின்று மரியாதை காட்டும். கடிதத்தைப் படிக்கப்போகிறவர் யாரென்று அவருக்குத் தெரியாது என்பதால் சாதாரண வடிவத்தையே வைத்தோம்.